முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் படம்

மதுமதிக்குக் கோபம் வந்தால் வாய் அடைத்துப்போகும். அதை அடக்கம் என்று நினைத்துப் பாராட்டியவர்கள்தான் அதிகம். அப்பா கலியமூர்த்தி மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்து, மத்திய அரசில் குமாஸ்தாவாக இருந்தவர். மகளை மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் போட்டார். அந்தத் தமிழ்தான் அவளுக்குச் சோறு போட்டது. மின்னூல் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. அங்கே முப்பது பேரில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

போன வருஷம் ஓர் அறக்கட்டளை, பார்வையற்ற மாணவர்களுக்காக நாற்பது தமிழ்ப் பாடநூல்களை அந்தக் கம்பெனியிடம் கொடுத்தது. போனில் இருக்கும் குரல் அவற்றை வாசித்துக் காட்ட வேண்டும். கோப்புகளோ இருபது வருஷத்துப் பழைய எழுத்துருவில் இருந்தன. அதில் 'கொ' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். இப்போதைய பொது முறையான யூனிகோடில் க-தான் முதலில் வரவேண்டும். மாற்றித் தரும் மென்பொருள் பல இடங்களில் கொம்பை முந்தைய சொல்லின் வாலில் ஒட்டிவிட்டது. பார்க்க ஏறக்குறையச் சரியாகத் தெரியும். குரல் வாசித்தால் உளறல். மதுமதி அதற்கென்று ஒரு சின்ன நிரல் எழுதினாள். அதன் பிறகும் வரிவரியாகக் காதால் கேட்டுத் திருத்தினாள். முதல் நூலில் ஒன்பதாம் அத்தியாயத்தைத் தொட்டபோது மேலாளர் சக்சேனா, "போதும், மீதியை நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு போன் வந்தது. தமிழ்க் குரல் என்றதும் சக்சேனா அதை அவளிடம் நீட்டினார். கனிமொழி என்று, டெல்லியிலேயே படிக்கும் எம்.ஏ. மாணவி. பிறவியிலேயே பார்வை இல்லாதவள்.

"அக்கா, உங்க புக்கு பேசவே மாட்டேங்குது. 'படம்'னு சொல்லுது. அடுத்த பக்கம் போனா அதுவும் படம். பரீட்சைக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு."

மதுமதி கோப்பைத் திறந்து பார்த்தாள். அவள் திருத்திய ஒரு வரிகூட அதில் இல்லை. அச்சுப் பக்கங்களைப் படம் பிடித்து அடுக்கியிருந்தார்கள். குரல் வாசிப்பதற்காக ஒவ்வொன்றுக்கும் கொடுத்திருந்த விளக்கம் 'படம்' என்ற ஒரே சொல். மற்ற நூல்களும் அப்படியே.

"செக்கிங்ல எல்லாம் பச்சை மதுமதிஜி, ஒரு எரர் இல்லை" என்றார் சக்சேனா, இந்தியில். "தமிழ் புக்கை யார் உக்காந்து படிக்கப்போறா?"

சோதிக்கும் மென்பொருள் பெட்டி ஒழுங்காக மூடியிருக்கிறதா என்று பார்க்கும். உள்ளே சோறா கல்லா என்று பார்க்காது. அதைச் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கனிமொழியைக் கூப்பிட்டாள். "நாளைக்குக் காலைல என்கூட வர்றியா?"

மறுநாள் கோல் மார்க்கெட் அருகே இருந்த அறக்கட்டளை அலுவலகத்தில், பொறுப்பாளர் ரங்கராஜன் முன்னால் கனிமொழி போனை மேசையில் வைத்தாள். "படம்" என்றது குரல். அவள் விரலால் தள்ளினாள். "படம்." மறுபடி தள்ளினாள். இருபதாவது தடவையில் ரங்கராஜன், "போதும்மா, புரிஞ்சுடுத்து" என்றார்.

"இன்னும் இருக்கு சார். முந்நூத்திப் பன்னெண்டு பக்கம். நான் அத்தனையும் தள்ளித்தான் பாத்தேன்." அவள் நிறுத்தவில்லை. ரங்கராஜன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் சார், வாங்குறப்போ யாரும் ஒரு பக்கம் கேட்டுப் பாக்கலையா?" என்றாள் மதுமதி. தன் குரல் அவ்வளவு உரக்க வந்தது அவளுக்கே புதிது. "நாப்பது புக்கு சார். ஒரு பக்கம்கூடவா?"

ரங்கராஜன் தன் போனை எடுத்துக் கம்பெனியைக் கூப்பிட்டார்.

நாற்பது நூல்களும் திருப்பி அனுப்பப்பட்டன. மதுமதியின் வேலை அந்த வாரமே போயிற்று. கனிமொழியின் பரீட்சையும் போயிற்று; அறைத்தோழி வாசித்துக் காட்டிய நான்கு பாடங்களை நம்பி எழுதினாள், தேறவில்லை. அறக்கட்டளை வருத்தம் தெரிவித்து அவளுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. அச்சிட்ட கடிதம். அதைக் கேட்டபோது மதுமதி மயூர் விஹார் வீட்டில் கையிலிருந்த டம்ளரைத் தரையில் ஓங்கிப் போட்டாள்.

பிறகு ரங்கராஜன் அந்த நூல்களை நேரடியாக அவளிடமே கொடுத்தார். எந்த நூலையும் ஒரு மாணவராவது கேட்டுச் சரி என்று சொல்லாமல் வாங்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டார். முதல் நூலை முடித்துக் கனிமொழிக்கு அனுப்பினாள். மறுநாளே போன்.

"அக்கா, பேசுது. ஆனா அடிக்குறிப்பு வாக்கியத்துக்கு நடுவுல புகுந்து பேசுது. எரிச்சலா வருது."

"எந்த அத்தியாயம்?" என்று கேட்டு, மதுமதி கோப்பைத் திறந்தாள்.