மார்கழியில் சோதித்த ரேம்

சட்டை எடுக்கப் போனால் ஐந்து நிமிடத்தில் கடையை விட்டு வெளியே வந்துவிடுகிற ஆள் நான். அந்த ரேமைத் தேர்ந்தெடுக்க மட்டும் ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட அறை. கல்யாணம், காதுகுத்து வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது என் பிழைப்பு. கம்ப்யூட்டரை நானே பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தியிருந்தேன். அதில் எந்த வேலை நடந்தாலும் எல்லாம் ரேம் வழியாகத்தான் போய்வரும். அது வேகமாக இருந்தால் என் வேலையும் சீக்கிரம் முடியும் என்று கணக்குப் போட்டேன்.

கடைசியில் இரண்டு ரேம் ஜோடிகள் மிஞ்சின. ஒன்று, மூவாயிரத்து அறுநூறு வேகத்தில் ஓடும் என்று தயாரித்தவனே பொறுப்பேற்றுக்கொள்வது. இன்னொன்றுக்கு மூவாயிரத்து இருநூறுவரைதான் பொறுப்பு. ஆனால் உள்ளே இருக்கும் சில்லு நல்ல ரகம், வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றி, சொன்ன வேகத்துக்கு மேலே ஓட்டினால், அதாவது ஓவர்க்ளாக் செய்தால், மூவாயிரத்து எண்ணூறுவரை இழுக்கும் என்று இணையத்தில் ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். அவர்களெல்லாம் ஏசி அறையிலோ குளிர் தேசத்திலோ உட்கார்ந்து எழுதுகிறவர்கள். நான் படித்தது தகரத்துக்குத் தம்பியான சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில். அந்த வித்தியாசம் என் மண்டையில் ஏறவில்லை. இரண்டாவதைத்தான் வாங்கினேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பன் வந்து பார்த்தான்.

"இன்னாத்துக்குப்பா இந்த வேலை? போட்டிருக்கிற ஸ்பீடுலயே ஓட்டிக்கினு போயேன். ஊர்க்காரன் பொருள வெச்சிக்கினு வெளயாடாத."

"ஒனக்கு ஃபேன்ல தூசி தட்டத்தான் தெரியும். கம்முனு இரு" என்றேன். அவன் சிரித்தான். திமிர் பிடித்தவனிடம் வேறென்ன செய்வான்?

அது மார்கழி மாதம். காலையில் தொடங்கி எட்டு மணி நேரம் ரேம் சோதனையை ஓட்டினேன். மூவாயிரத்து எண்ணூறு வேகத்தில் ஒரு பிழைகூட இல்லை. திரையைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். அடேயப்பா, என்ன பெருமை! அதோடு சோதனை என்பதையே மறந்துபோனேன்.

கத்திரி வெயிலில் ஒரு மதியம் அந்தப் பெண் படியேறி வந்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஊர். கேரளா எஸ்டேட்டில் மரத்தில் கிளை கழிக்கப் போன புருஷன் விழுந்து செத்துவிட்டான். கருமாதிக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்று, அவனுடைய உடைந்த செல்போனிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்தாள். அதில் மகளின் காதுகுத்தில் யாரோ எடுத்த வீடியோ ஒன்று இருந்தது.

"படம் ஒண்ணு எடுத்துக் குடுங்கண்ணா. அந்த வீடியோவையும் பென் டிரைவுல போட்டுக் குடுங்க. அவுரு பேசறது அதுல மட்டுந்தாங்க இருக்குது. கார்ட காலி பண்ணிடுங்க, எடமே இல்ல. கருமாதிக்கு வர்றவங்கள எடுக்கணும்."

காலி செய்வது எங்கள் தொழிலில் பழக்கம்தான். கேமரா கார்டைக் கம்ப்யூட்டரில் இறக்குவோம், அழிப்போம், அடுத்த விசேஷத்துக்கு மாட்டுவோம். இதையும் அப்படியே இறக்கினேன். முதல் சில நொடிகளை ஓட்டிப் பார்த்தேன். வேட்டி கட்டிய ஒருவன் மகளை மடியில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் படமாக எடுத்தேன், கார்டை அழித்தேன், படத்தையும் கார்டையும் அவள் கையில் கொடுத்தேன். கருமாதி முடிந்ததும் வந்து பென் டிரைவை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். மிஞ்சிப் போனால் அரைமணி நேர வேலை.

மறுநாள் வீடியோவை முழுசாக ஓட்டினேன். நாற்பது நொடி நன்றாகப் போயிற்று. அவன் நிமிர்ந்து கேமராவைப் பார்த்து வாயைத் திறந்தான். அங்கிருந்து பச்சைக் கட்டங்கள், ஒரு கிறீச்சல், பிறகு ஒன்றுமில்லை. திரும்பத் திரும்ப ஓட்டினேன், அதே இடத்தில்தான் நின்றது.

நண்பனை ஓடி வரச் சொன்னேன். உச்சி வெயிலில் அதே சோதனையை ஓட்டினான். பத்து நிமிடத்துக்குள் திரை முழுக்கப் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள்.

"வெயில்ல உன் ரேம் தாங்கலப்பா. எறக்கும்போதே கெடுத்து வெச்சிருக்குது. கார்டு எங்க? அதுல புதுசா ஒண்ணும் எடுக்காம இருந்தா திரும்ப எடுத்துடலாம்."

அவள் கொடுத்த எண்ணுக்கு அடித்தேன். மலையில் டவர் இல்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே, தொடர்பு எல்லைக்கு வெளியே. "பஸ்ஸ புடிச்சி நேராப் போ" என்றான் அவன். கருமாதிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அன்று எனக்கு ஒரு நிச்சயதார்த்த வேலை, போகவில்லை. மறுநாள் போயிருக்கலாம். போய் என்னவென்று சொல்வது என்று பயந்தே அந்த நாளையும் ஓட்டினேன். மூன்றாவது நாளும் அப்படித்தான் போயிற்று. இதற்கு வெயில் காரணமில்லை, ரேம் காரணமில்லை. நான்தான்.

கருமாதி முடிந்து அவள் வந்தாள். பென் டிரைவை மறுநாள் தருகிறேன் என்று சொல்லி, கார்டை வாங்கி வைத்துக்கொண்டேன். கார்டு நிறைய பந்தல், பந்தி, மொட்டையடித்த ஆண்கள். நண்பன் ஒருநாள் முழுக்கப் போராடியும் பழையது ஒன்றும் வரவில்லை. மறுநாள் மிச்சமிருந்த நாற்பது நொடியை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அவன் வாயைத் திறந்ததும் படம் நின்றது.

"பேசப் போறாரு... இன்னாங்கண்ணா, நின்னுபோச்சு?"

"கார்டு பழசும்மா. அதுலயே போயிருக்குது" என்றேன். சொல்லும்போது வாய் கூசவில்லை, அதுதான் இன்றும் என்னை அரிக்கிறது.

அவள் திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"கார்ட எடுத்துக்கினு வந்த அன்னிக்கு மல மேல மழங்க. பைய மூடாமப் போட்டு நான்தான் நனைய வுட்டுட்டேன். ஐயோ, அவுரு கொரல நானே அழிச்சிட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவள் கையைத் தடுக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒங்களுக்குத்தாங்கண்ணா வீண் செரமம். தப்பா எடுத்துக்காதீங்க."

அன்றைக்கே வேகத்தை மூவாயிரத்து இருநூறுக்கு இறக்கினேன். அதன்பிறகு இன்னொரு கத்திரியும் வந்து போய்விட்டது. ஒரு பிழை இல்லை, கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. மூடாமல் போட்ட பையை நினைத்து அவள் இன்னும் தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள். இப்போதும் நான் போய்ச் சொல்லலாம். வெள்ளிமலைக்குத் தினமும் பஸ் இருக்கிறது.