நுழைபாறையும் ஒரு சொம்புத் தண்ணீரும்

செல்லாத்தாள் கோபம் வந்தால் கத்துகிற ரகம் இல்லை. வாயை இறுக மூடிக்கொள்வாள். கத்துகிறவளை எப்படியாவது சமாளித்துவிடலாம், வாயை மூடிக்கொண்டவளை என்ன செய்ய? முப்பது வருஷம் ஒரே வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த கொழுந்தன் பூபாலனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அவன் தலையெழுத்து.

அவர்கள் ஊர் வேலப்பவலசு, நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கிறது. செல்லாத்தாளுக்கு இரண்டு ஏக்கர், ஒரு கிணறு, இரண்டு எருமை. புருஷன் ஆத்தப்பன் தம்பியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன். அந்தத் தம்பி பக்கத்துப் பங்கில் சாயப்பட்டறை போட்டான். ஆறே மாசம்தான். ஆற்று மடுவில் தண்ணீர் குடித்த எருமைகள் வயிறு ஊதி ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. கிணற்றில் இறைத்தால் ஒரு நாள் நீலம், ஒரு நாள் பச்சை. சோளம் கருகிப்போயிற்று. ஐம்பதை நெருங்கும் வயசில் அவள் பனியன் கம்பெனி வேனில் ஏறித் திருப்பூருக்குச் செக்கிங் வேலைக்குப் போனாள். டேபிளில் விரித்த துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, நிறமாற்றம் எங்கே இருக்கிறதோ அங்கே அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கண் கூர்மையானவள், சீக்கிரமே அவள் சொன்னால் மாஸ்டரே மறுத்துப் பேசமாட்டார் என்று ஆயிற்று. விதியைப் பாருங்கள், அந்தக் கம்பெனித் துணிக்குச் சாயம் போட்டுத் தருவதும் பூபாலன் பட்டறைதான்.

பட்டறைக்குக் கழிவுக் குழாய் பதித்தவன் ஊரைவிட்டுப் போகும்போது அவளிடம் சொல்லிவிட்டுப் போனான். "நுழைபாறைக்கு அடியில வாய் வெச்சிருக்குதுங்கக்கா. வெளிய தெரியாதுங்க."

நுழைபாறை என்பது ஆற்றோரத்தில் தானாகவே வில்லாக வளைந்து நின்ற ஒரு பாறை. அவர்கள் வீட்டுக்கு வருகிற புதுப்பெண்ணை அதன் அடியில் நுழைத்துக் கூட்டிவந்துதான் வாசல்படி மிதிக்க விடுவார்கள். பல வருஷம் முந்தி வந்த பெருவெள்ளத்தில் வழி அழிந்தபின் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. சீமைக்கருவேலம் மண்டி, பாறை எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோயிற்று.

ஊர்க்கூட்டத்தில் செல்லாத்தாள் எழுந்து குழாய் விஷயத்தைச் சொன்னாள். பூபாலன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தான்.

"நுழைபாறையா? அது பெருவெள்ளத்துலயே இடிஞ்சு போச்சுங்களே நங்கையா. இல்லாத பாறைக்கு அடியில பைப்பு வெக்க நான் என்ன மந்திரவாதிங்களா? அப்படி ஒரு பைப்பு இருந்தா காட்டுங்க. அதுல வர்ற தண்ணிய ஒரு சொம்பு நானே குடிக்கறனுங்க."

எங்கள் பக்கம் இப்படித்தான். அண்ணன் பெண்டாட்டியை வாய் நிறைய 'நங்கையா' என்பார்கள். குடியைக் கெடுக்கும்போதும் 'ங்க' போடாமல் கெடுக்கமாட்டார்கள். ஊரே சிரித்தது. அவளிடம் வருஷக்கணக்கில் எருமைத்தயிர் வாங்கித் தின்ற வாய்களும் சேர்ந்து சிரித்தன. அன்றிலிருந்து அவளுக்குப் 'பாறைக்காரி' என்று பட்டப்பெயர். கடைக்குப் போனால், "என்ன பாறைக்காரி, பாறை சிக்குச்சா?" என்பார்கள். ஒரு சொம்பு என்று பூபாலன் சொன்னதை மட்டும் அவள் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அரிவாளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். துணைக்கு மூக்கம்மாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், செக்கிங்கில் எதிர் டேபிள். இரண்டு மாசம் முள்ளில் கிழிபட்டு அவளுக்கும் சலித்துப்போயிற்று.

"ஏக்கா, லீவு நாள்ல ஊரெல்லாம் கறி எடுத்துத் திங்குது. நீ என்னைய முள்ளுக்குள்ள இழுத்துக்கிட்டுத் திரியிற. அந்தப் பாறை எப்படித்தேன் இருக்கும்?"

"தெரியாது புள்ளே."

"ஆத்தாடி! நீயும் அதுல நுழைஞ்சு வந்தவதான?"

"புதுப்பொண்ணு தலை நிமிந்து பாப்பாளா? குனிஞ்ச தலையோட வந்தேன். தரையத்தான் பாத்தேன்."

"தரையத்தான பாத்த? பெறகு எதுக்கு அண்ணாந்துகிட்டுத் தேடுற?"

செல்லாத்தாள் அப்படியே நின்றுவிட்டாள். அட, ஆமாம்! அன்றைக்குக் காலடியில் ஒரு வழுக்குப்பாறை இருந்தது. அதில் ஆடு மேய்ப்பவர்கள் யாரோ வெட்டின பல்லாங்குழி, ஏழேழாக இரண்டு வரிசை. அந்தக் குழி ஒன்றில் இடித்துக்கொண்டுதான் அவள் புது மெட்டி நசுங்கியது. இது நினைவுக்கு வந்தபின் தேடும்போது அவள் தலையைத் தூக்கவே இல்லை. குனிந்து, முள்ளை வெட்டி, கிடந்த சருகைக் காலால் தள்ளிக்கொண்டே போனாள். அதிலிருந்து மூன்றாவது ஞாயிறு காலில் குழி தட்டியது. எண்ணிப் பார்த்தாள், ஏழும் ஏழும். பிறகுதான் நிமிர்ந்தாள். கொடியும் முள்ளும் தொங்க, தலைக்கு மேலே பாறை வளைந்து நின்றது. ஒரு விரற்கடைகூட இடியவில்லை. அதன் வலது காலோரம் கறுப்புக் குழாய், அதிலிருந்து பச்சைத் தண்ணீர்.

"வாக்கா, இப்பவே ஊரைக் கூட்டுவோம்!" என்று குதித்தாள் மூக்கம்மாள்.

"வேண்டாம். ஊரைக் கூட்டறதுக்குள்ள பைப்பைப் புடுங்கிப்போடுவான். ஊரே தானா வர்ற நாள் ஒண்ணு இருக்குது."

தை மாசம் பூபாலன் மகனுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை செல்லாத்தாள் டேபிளுக்குச் செக்கச்செவேல் என்று துணி வந்தது, பூபாலன் பட்டறைத் துணி. ஒரு ரோலுக்கும் அடுத்த ரோலுக்கும் நூலிழை நிற வித்தியாசம். "பாத்து உடுங்கக்கா," என்றார் மாஸ்டர். வேறு நாளாக இருந்தால் விட்டிருப்பாள். அன்றைக்கு ஒரு ரோல் மிச்சமில்லாமல் ஸ்டிக்கர் ஒட்டினாள். மொத்தமும் மறுசாயத்துக்குத் திரும்பியது. செவ்வாய்க்கிழமை கன்டெய்னர் கிளம்பியாக வேண்டும். மகன் கல்யாணமே ஆனாலும் ஞாயிறு பட்டறை ஓடித்தான் தீரும்.

ஓடியது. மண்டபத்தில் தாலி ஏறி, காலைப் பதினொரு மணிக்குப் பொண்ணு மாப்பிள்ளையை ஊருக்குக் கூட்டிவந்தார்கள். வீட்டு மூத்த மருமகள் என்ற முறையில் நிறைசொம்பு செல்லாத்தாள் கையில். வாசலுக்குப் போகாமல் ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றாள்.

"நுழைபாறை முறை முடிச்சுட்டுப் போலாமுங்க. வழியெல்லாம் வெட்டிச் சுத்தம் பண்ணி வெச்சிருக்கறனுங்க."

பூபாலன் முகம் செத்துப்போயிற்று. "அது இடிஞ்சு போச்சுங்க சம்பந்தி, நங்கையா சும்மா..."

பெண்ணின் அப்பா அய்யாசாமி உடுமலைப்பேட்டைத் தென்னந்தோப்புக்காரர், முறைக்குக் கட்டுப்பட்டவர். "இடிஞ்சிருந்தா பாத்துட்டுத் திரும்பலாமுங்க. கொலத்து முறைய உடறதாவது!" என்று நடந்தார். ஊர் பின்னால் நடந்தது. பூபாலன் செல்போனைக் காதில் வைத்துப் பட்டறையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான். மெஷின் இரைச்சலில் அங்கே யார் எடுப்பார்கள்?

பாறையைக் கண்டதும் கூட்டம் அண்ணாந்து பார்த்தது. மணப்பெண் தேவிப்பிரியா தலையைக் குனிந்தபடி அடியில் நுழைந்தாள். பல்லாங்குழியெல்லாம் நிரம்பி அவள் பாதத்தின் மேல் சிவப்புத் தண்ணீர் ஓடியது.

"பெரியத்தை, ஆரத்தித் தண்ணீங்களா?"

"இல்லெ கண்ணு. உன்ற மாமனார் பட்டறைத் தண்ணி. எரியும், இக்கட்டால, இந்தப் பக்கமா வந்து நில்லு." அந்தப் பிள்ளையைப் பார்க்கச் செல்லாத்தாளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. சொம்பிலிருந்த நல்ல தண்ணீரைப் பெண்ணின் காலில் ஊற்றிக் கழுவினாள். காலிச் சொம்பைக் குழாயின் வாயில் பிடித்தாள். அது நிறைகிற சத்தம் அத்தனை பேருக்கும் கேட்டது.

"ஒரு சொம்புன்னு சொன்னீங்க கொழுந்தனாரே."

"நங்கையா... இன்னைக்கே அடைச்சுப்போடறனுங்க. காலுல வேணும்னாலும் உழுகறனுங்க."

"அடைக்கறது அப்புறமுங்க. குடிங்க."

அய்யாசாமி பக்கத்திலிருந்த ஊர்க்காரரிடம் என்ன விஷயம் என்று கேட்டார், அவர் ஊர்க்கூட்டத்தில் நடந்ததைச் சொன்னார். அய்யாசாமி மகளின் சிவந்த பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஊருக்கு முன்னால சொன்ன வாக்குங்களே சம்பந்தி. குடிங்க," என்றார்.

பாறைக்காரி என்று சிரித்த ஊரில் ஒரு வாய்கூட அவனுக்காகத் திறக்கவில்லை. பூபாலன் சொம்பை வாங்கினான். ஒரு வாய் வைத்தான். வைத்த வேகத்தில் குமட்டித் துப்பினான். கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை மாரெல்லாம் சிவப்பு.

அவன் கீழே வைக்கப்போன சொம்பைச் செல்லாத்தாள் தாங்கிப் பிடித்து மறுபடியும் அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"ஒரு வாய்க்கே துப்பிப்போட்டீங்களே. என்ற எருமை ரெண்டும் ஆறு மாசம் குடிச்சுதுங்க. சொம்புல இன்னும் முக்காவாசி இருக்குதுங்க."