சத்தம் மட்டும்தான் போயிருந்தது

எட்வின் அண்ணா இல்லை.

நேற்று சாயங்காலம், செம்பாக்கத்தில் எங்கள் சர்ச்சில். பாடகர் குழுவின் மைக் ஸ்டாண்டை நகர்த்தப் போனவர்... ஷாக். தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

இங்கே சொந்த விஷயம் எதுவும் நான் எழுதுவதில்லை. இன்று எழுதித்தான் ஆக வேண்டும்.

வார நாட்களில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை எங்கள் சவுண்ட் மிக்சர். அதுதான் அண்ணா. நான் கீபோர்ட். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு தூண். அதைத் தாண்டித் தலையை நீட்டி, "எல்லாரும் பல்லாவரம் போயாச்சு, நீ இன்னும் தாம்பரத்துலயே நிக்கிறியேம்மா" என்பார். நான் பின்தங்கி வாசிக்கிறேன் என்று அர்த்தம்.

போன மழைக்குப் பிறகு குழுவின் மைக்குகளில் ஒரு ஹம் வந்தது. ம்ம்ம்... என்று. ஜெப நேரத்தில், எல்லோரும் கண்மூடி இருக்கும்போதுதான் நன்றாகக் கேட்கும். யூடியூப் லைவில் பார்ப்பவர்கள் வாராவாரம் புகார் சொன்னார்கள்.

அண்ணா கேட் போட்டார். போதுமான சத்தம் வந்தால் மைக்கைத் திறந்து, மற்ற நேரம் மூடிவைக்கிற ஏற்பாடு. ஆனால் அந்த ஹம்மே கேட்டைத் திறந்துவிடுகிற அளவுக்குப் பெரிதாக இருந்தது.

அதனால் கேட்டைத் திறக்கிற வேலையை மைக்கிடமிருந்து எடுத்து, சைடுசெயின் வழியாக என் கீபோர்டுக்குக் கொடுத்தார். நான் வாசித்தால் குழுவின் மைக்குகள் திறக்கும். நான் கையை எடுத்தால் மூடிக்கொள்ளும்.

"இனிமே சாவி உங்கிட்ட" என்றார். அந்த மிக்ஸில் அவருக்கு அவ்வளவு பெருமை.

ஒருமுறை பக்கம் புரட்டத் தடுமாறி நிறுத்திவிட்டேன். லைவில் குழு முழுக்க வாயசைக்கிறது, குரலே இல்லை. தூணுக்குப் பின்னாலிருந்து தலை வந்தது. "வாசி தாயே, பாவம் அவங்க மீன் மாதிரி இருக்காங்க."

ஆல்டோ பாடும் ஷீபாதான் முதலில் சொன்னாள். "அண்ணா, மைக் உதட்டுல பட்டா எறும்பு கடிச்ச மாதிரி சுள்ளுனு இருக்கு."

கமிட்டி அங்கிள் ஒருவர் பக்கத்தில் இருந்தார். "அது அபிஷேகம்மா. வாங்கிக்கோ."

எல்லோரும் சிரித்தோம். அண்ணா சிரிக்கவில்லை. "எர்த் சரியில்ல அங்கிள். அந்த ஹம்மும் அதனாலதான். எலக்ட்ரீஷியனக் கூப்பிடணும்."

"அதான் சத்தம் போயிடுச்சே தம்பி."

"சத்தம்தான் அங்கிள் போயிருக்கு."

கன்வென்ஷன் முடியட்டும் என்றார்கள். பிறகு பெயின்ட் வேலை. பிறகு அண்ணாவே, "ஈஸ்டர் முடியட்டும், நானே ஆள் கூட்டிட்டு வரேன்" என்றார். ஈஸ்டரும் போய்விட்டது. காதில் விழாத ஒன்றை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

ஆல்டர் பக்கம் நாங்கள் செருப்பு போடுவதில்லை. நேற்று மதியம்தான் தரையைக் கழுவியிருந்தார்கள்...

போன ஞாயிறு ஆராதனையின் ரெக்கார்டிங்கை, எடிட் பண்ணச் சொல்லி அண்ணா அனுப்பியிருந்தார். மைக் வாரியாகத் தனித்தனி டிராக். இன்று காலை குழுவின் டிராக்கைத் திறந்தேன். மைக்கில் விழுந்தது அப்படியே பதிவாகியிருக்கும், இதில் கேட் கிடையாது.

ஜெப நேரம். லைவில் அங்கே சுத்தமான அமைதி. இதில் அந்த ஹம்... மழைக்காலத்தில் கேட்டதைவிடப் பெரிதாக. அதற்குள்ளிருந்து மெதுவாக அண்ணா குரல்.

"ஷீபா, ஸ்டாண்டைத் தொடாத. எது நகர்த்தணும்னாலும் என்னைக் கூப்பிடு."

அதோடு நிறுத்திவிட்டேன்.

நாளை அடக்க ஆராதனை அதே சர்ச்சில். சற்றுமுன் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "கொயர் மூணு மணிக்கு சவுண்ட் செக். எட்வின் வச்ச செட்டிங் அப்படியே இருக்கு, எதையும் மாத்த வேண்டாம்."

முதலில் எர்த்தைப் பாருங்கள் என்று இரண்டு முறை பதில் போட்டேன். பார்த்திருக்கிறார்கள். பதில் இல்லை.

அதனால் இங்கே சொல்கிறேன். நாளை வருகிறவர்கள் எந்த மைக்கையும் தொடாதீர்கள். ஸ்பீக்கரில் சத்தம் எதுவும் வராது, அதை நம்பாதீர்கள். ஷீபா, உனக்கும்தான். அண்ணாவுக்காக வெறும் குரலில் பாடுவோம்.

கீபோர்டை நான் ஆன் பண்ணப் போவதில்லை.

போய் வாங்க அண்ணா. சாவி என்கிட்டதான் இருக்கு.