நாற்றம் போன பிறகு

"…நாத்தந்தான் போயிட்டுல்லா அண்ணாச்சி! உம்ம பெட்டி சொல்லுத வரைக்கும் நா இங்கன நிக்கணுமாக்கும்?" என்றார் டிரைவர். விசைப்படகை ஓட்டுகிறவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மீன் அறைக்குள் இறங்கும் ஏணியில் அவருடைய ஒரு கால் இருந்தது. கீழே அவருடைய மச்சினன் விழுந்து கிடந்தான். கூப்பிட்டால் பதில் இல்லை.

மீன்பிடித் தடைக்காலம் முடிகிற வாரம் அது. இரண்டு மாதம் மூடிக் கிடந்த அறையில் மீன் கழிவும் தண்ணீரும் அழுகியிருந்தன. கப்பல்களில் விஷவாயுவை அளக்கும் மீட்டர்களைப் பழுது பார்க்கும் கடை என்னுடையது. இறங்குமுன் பார்த்துச் சொல்லும்படி படகு முதலாளி என்னை அனுப்பியிருந்தார். டிரைவருக்கு அது பிடிக்கவில்லை. "மூக்கு பொறந்ததுலருந்து கூட இருக்கவன். இந்தப் பெட்டி நேத்து வந்தவன்" என்றார். மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது. "எங்க மாமியா வச்ச கொழம்புலா இது!" என்று அவர் சிரிக்க, "இரும் அத்தான், எங்கம்மைட்ட சொல்லுதேன்" என்றான் மச்சினன். அவர்கள் திறப்பை விட்டு நகரவேயில்லை. சற்று நேரத்தில் நாற்றம் நின்றுவிட்டது என்றார்கள். நான் மீட்டருக்குக் கயிறு கட்டி முடிப்பதற்குள் அவன் இறங்கிவிட்டான்.

இந்தத் தொழிலை நான் படித்து வரவில்லை, பிரித்துப் பார்த்தே கற்றேன். மீட்டருக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு செல் உண்டு. அதன் வாயில் காற்று நுழையும் மெல்லிய தோல், பின்னால் அமிலம், நடுவே மின்முனைகள். விஷவாயு மின்முனையைத் தொட்டால் துளி மின்சாரம் பிறக்கும். வாயு எவ்வளவோ மின்சாரமும் அவ்வளவு. அதைத்தான் எண்ணாகக் காட்டுகிறது. ஆனால் எண் ஏறி நிலைக்க அரை நிமிடம் ஆகும். மூக்குக்கு அந்தப் பொறுமை கிடையாது. முதலில் அலறும், வாயு மிகுந்தால் மரத்துப்போய்ப் பேசாமல் இருந்துவிடும். இன்றும் கடையில் யாராவது மீட்டரைச் சோதனை வாயுவுக்குள் விட்ட உடனே வெளியே எடுத்தால் என் கை தானாகப் போய்ப் பிடித்துக்கொள்கிறது.

டிரைவரின் சட்டையைப் பிடித்தபடி மீட்டரைக் கயிற்றில் இறக்கினேன். பன்னிரண்டு காட்டியது. "பன்னெண்டுதான, விடும்வே!" என்று திமிறினார். நாற்பது. தொண்ணூறு. நூற்றுக்கு மேல் எண்ணத் தெரியாத அந்தப் பெட்டி வெறும் கோட்டைக் காட்டிக் கத்தியது.

"நாத்தம் போகல, டிரைவர். உம்ம மூக்குதான் போயிட்டு."

அவர் கோட்டைப் பார்த்தார். கீழே பார்த்தார். காலை ஏணியிலிருந்து எடுத்தார். மச்சினனைத் தூக்க ஓடிவந்த இரண்டு கூட்டாளிகளையும் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். நான் போன் போட்டு அழைத்த தீயணைப்பு வண்டி வரும்வரை, அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே, ஒருவரையும் இறங்க விடாமல் மறித்து நின்றார்.