முன்னூறாவது லெவலிலிருந்து ஏற்றிவிட்ட மரகதம் சிஸ்டர்

மரகதம் சிஸ்டர் போய்விட்டார். நேற்று சாயங்காலம், ஊரிகம் லைன் வீட்டில். மார் வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வருகிறது... யார் மேல் என்று சொல்லாமல் விடமாட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிஸ்டர் இங்கே தங்கச் சுரங்கம் ஓடிய மைன்ஸ் காலத்து நர்ஸ். ரிடையர் ஆன பிறகு வியாழக்கிழமைதோறும் சர்க்கரைக்காரர்களை வீட்டு முன்னறையில் உட்கார வைத்து, ஊசி போட்டுக்கொள்ளவும் மெஷினில் ரத்தம் பார்க்கவும் சொல்லிக் கொடுத்தவர்.

என் வீட்டுக்காரர் இங்கே பாலகாட் சுரங்கத்துக்குள், கூரை சரியாமல் மரம் முட்டுக் கட்டும் வேலை பார்த்தவர். சர்க்கரை வந்தபோது கிளினிக் டாக்டர் சொன்னது ஒரே வார்த்தை. "லெவல் இறங்கணும்." அவ்வளவுதான். அடுத்த பேஷண்ட்.

மெஷினில் 180 வந்தது. அப்புறம் 240. அப்புறம் 300. இவருக்கு ஒரே சந்தோஷம். "இறங்கிகினே கீது பாரு!"

சுரங்கத்தில் கீழே போகப் போகத்தானே லெவல் நம்பர் கூடும்? பத்தாவது லெவலுக்கு அடியில்தான் இருபதாவது. வாழ்நாளெல்லாம் கேஜில், அந்த இரும்புக்கூண்டு லிஃப்டில், இறங்கிய மனுஷன் வேறு எப்படி நினைப்பார்?

நானும் நம்பினேன். காப்பியில் வெல்லம் போட்டுக் கொடுத்தேன், இந்தக் கையால்...

ஆணி குத்தியதுகூடத் தெரியாமல் பாதம் சீழ் பிடித்தது. டாக்டரிடம் லெவல் கதையைச் சொன்னார். டாக்டர் கம்பவுண்டரைக் கூப்பிட்டு, "இன்னொரு வாட்டி சொல்லு பெரிசு, இவனும் கேக்கட்டும்" என்றார்.

சிரித்து முடித்துவிட்டு, காலை எடுக்க வேண்டி வரலாம் என்றார்.

அந்த வியாழக்கிழமை இவரைச் சிஸ்டர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். சிஸ்டர் சிரிக்கவில்லை. காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, கேஜ் ஏறி இறங்கும் கிணறு மாதிரி ஒரு ஷாஃப்ட் வரைந்தார்.

"இங்க பாருங்கண்ணா. நூறுதான் சர்ஃபேஸ். நீங்க முன்னூறாவது லெவல்ல மாட்டிகினு கீறீங்க. கேஜ் மேல வரணும்."

"அப்போ ஏறிகினே இருக்கலாமா சிஸ்டர்?"

"எழுபதுக்கும் கம்மியானா ஓவர்வைண்ட். கேஜ் மேல போயி சக்கரத்துல மோதிடும். கை நடுங்கும், வேர்க்கும். ஒடனே சர்க்கரைய வாயில போடுங்க. அண்ணியண்டதான் வெல்லம் ரெடியா கீதே!"

அந்தப் பேச்சுக்கு ஒரு மாசம் நான் சிஸ்டரோடு பேசவில்லை.

ஆனால் இவருக்கு ஒரே நிமிஷத்தில் புரிந்தது. ஊசியை அவரே போட்டுக்கொண்டார். தரையில் கண்ணாடி வைத்து தினமும் உள்ளங்கால் பார்த்தார். புண்ணுக்கு பங்காருபேட்டையில் வேறு டாக்டரிடம் கூட்டிப் போனதும் சிஸ்டர்தான். கால் பிழைத்தது.

கிளினிக் டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? "நர்ஸம்மா கிளாஸுக்குப் போறவங்க இங்க வராதீங்க" என்றார். பயந்துபோய்ப் பாதிப் பேர் சிஸ்டர் கிளாஸுக்குப் போகாமல் நின்றுவிட்டீர்கள்.

யார் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. இன்று காலையில் மாலையோடு வந்தீர்களே... நீங்கள்தான்.

டாக்டரும் வந்தார். முன்வரிசை நாற்காலி. "நானும் சிஸ்டரும் சேர்ந்துதான் இந்த ஜனங்களுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தோம்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சு வேறு.

என் வீட்டுக்காரர் மாலையைத் தூக்கிக்கொண்டு சிஸ்டர் கிட்டே போனார். செருப்போடு.

"யோவ் பெரிசு, சாவு வீட்ல செருப்பா? கழட்டுய்யா... மரியாதை தெரியாது?"

சொன்னது வேறு யாருமில்லை. அதே டாக்டர்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ. "சர்க்கரைக்காரன் வூட்டுக்குள்ளகூட வெறுங்கால்ல நடக்கக் கூடாதுன்னு சிஸ்டர் தலபாடா அடிச்சிகினாங்க. சேர்ந்து சொல்லிக் குடுத்தீங்களே சார், இத மட்டும் மறந்துட்டீங்களா?"

பந்தல் முழுக்கக் கேட்டது. டாக்டர் செல்லை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

சிஸ்டர்... செருப்போடு நின்றுதான் உங்களுக்கு மாலை போட்டார். கழற்ற நான் விடவில்லை.

போய் வாங்க.