சலூனின் பின்ஜன்னல்

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சலூனின் பின்சுவரை ஒட்டித்தான் சதுப்புநிலம் தொடங்குகிறது. நாற்றத்துக்கும் கொசுவுக்கும் பயந்து, அந்தப் பக்கத்து ஜன்னலைச் சலூன்கார அண்ணன் கடை திறந்த புதிதிலேயே ஆணியடித்து மூடிவிட்டார். அதிகம் பேசாத மனுஷர். அந்தத் தொழிலில் அது பெரிய குறைதான்.

ஒரு கோடையில் கரண்ட் போனது. நாற்காலியில் எலெக்ட்ரீஷியன், பாதி முகத்தில் நுரையோடு வியர்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அந்த ஜன்னலத் திறங்க. அவிஞ்சே போயிடுவேன்.”

“கரண்ட் உன் டிபார்ட்மென்ட்தானே?” என்றபடி அண்ணன் ஆணிகளைப் பிடுங்கினார்.

நாற்றம் குப்பென்று வந்தது. கறுத்த தண்ணீர், பிளாஸ்டிக் பைகள், யாரோ வீசிய மெத்தை. அதற்கு அப்பால், கோரைப்புல் ஓரமாக, நீல உடம்பும் சிவப்பு அலகுமாக ஒரு பறவை நீண்ட விரல்களைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது. பின்னால் கரித்துண்டு போலக் குஞ்சுகள்.

முடி பெருக்கிக்கொண்டிருந்த அண்ணி எட்டிப் பார்த்தார். “ஐயோ, லிப்ஸ்டிக் போட்ட கோழி!”

“என் மூஞ்சியத்தான் தினமும் பாக்கறேனே, நாற்காலிய அந்தப் பக்கம் திருப்புங்கண்ணே,” என்றார் எலெக்ட்ரீஷியன்.

திருப்பிய நாற்காலி அப்படியே நின்றுவிட்டது. தலையில் முடியே இல்லாதவர்கள்கூட வந்து உட்கார ஆரம்பித்தார்கள். சினிமாவும் அரசியலும் போய், எந்தக் குஞ்சு தாய் சொல் கேட்காமல் திரிகிறது என்பதே பேச்சானது.

“பாத்துக்கிட்டே இருந்தா நாத்தம் போயிடுமா?” என்று அண்ணிதான் ஒருநாள் கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேற்றில் இறங்கினோம். தண்ணீர் போகும் குழாயை அடைத்திருந்த குப்பையை இழுத்தெடுத்தோம். எதிர்வீட்டுக்காரரோடு நான் முதன்முதலாகப் பேசியது முழங்கால் சேற்றில் நின்றுகொண்டுதான்.

கட்டட இடிபாடுகளை அங்கே கொட்டிவந்த மேஸ்திரி மட்டும் மசியவில்லை. அவர் ஷேவிங்குக்கு வந்தபோது அண்ணன் பணிவாகவே கேட்டார். “இனிமே அங்க கொட்ட மாட்டீங்கதானே?”

“மாட்டேன், மாட்டேன்!”

“கத்தி கழுத்துல இருக்கறப்ப வேற என்ன சொல்வாரு?” என்று அண்ணன் பிறகு எங்களிடம் சிரித்தார். ஆனால் மேஸ்திரி சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த முறை குப்பை அள்ளத் தன் லாரியையே அனுப்பினார்.

அந்த மெத்தையை லாரிக்கு இழுக்கும்போதுதான் அண்ணன் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு வீட்டில் சுருண்டு கிடந்தார்.

“எல்லாரும் வேற கடைக்குப் போயிருப்பாங்க. அவங்கள என்ன சொல்ல முடியும்?” என்று அண்ணியிடம் புலம்பினாராம். அண்ணியோ தினமும் போய்க் கடையைத் திறந்து வைத்தார்.

கட்டுப் பிரித்த மறுநாள் கடைக்கு வந்த அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே ஒரே தாடிக்காடு. மேஸ்திரியை அவருக்கு அடையாளமே தெரியவில்லை.

“எனக்காகவா எல்லாரும் இப்படி…” என்றபடி உள்ளே வந்தார்.

முதலில் எலெக்ட்ரீஷியன்தான் போய் உட்கார்ந்தார். கத்தரியை எடுத்த அண்ணனுக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

“அண்ணே, அழுறதுன்னா கத்தரியக் கீழ வச்சிட்டு அழுங்க. எனக்கு ரெண்டு காதும் வேணும்!”