ஒரு நூல் குறைவு

போன ஞாயிற்றுக்கிழமை உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் மரம் சீவுகிற ஒரு இரும்பு இழைப்புளி. மூக்கில் மண்ணெண்ணெய் வாசம். இந்தக் கடைக்காரர்கள் துருப்பிடித்த எதையும் மண்ணெண்ணெயில் முக்கி, மேலே கொஞ்சம் எண்ணெய் தடவி வெயிலில் வைத்துவிடுவார்கள். மினுங்கும். அதைப் பார்த்து ஏமாறுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் அந்த வகை இல்லை என்று நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு அன்றைக்கு அரை மணி நேரத்தில் போய்விட்டது.

பழைய இழைப்புளி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று போன கடிதத்தில் நீங்கள் கேட்டிருந்தீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். பிளேடை நம்பாதீர்கள். பிளேடு தேய்ந்தால் மாற்றுவார்கள். அதில் உள்ள முத்திரை பிளேடின் வயசைத்தான் சொல்லும். கைப்பிடியையும் நம்பாதீர்கள், அதுவும் மாறும். உடம்பைப் பாருங்கள். பிளேடைக் கழற்றி, அது உட்காரும் சாய்வு மேடைக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். பழைய அமெரிக்க உருப்படி சிலவற்றில் அங்கே பேட்டன்ட் தேதிகள் வார்ப்பிலேயே எழும்பி நிற்கும். அந்தத் தேதியில் செய்தது என்று அர்த்தமில்லை. அதற்கு முன்னால் செய்ததில்லை, அவ்வளவுதான். முன்னால் இருக்கும் குமிழ் குட்டையாக இருந்தால் பழசு, உயரமாக இருந்தால் பிந்தியது. குமிழ் ஈட்டி மரமா, சாயம் பூசிய வெள்ளை மரமா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கடைக்காரர் திட்டுவார். திட்டட்டும். இன்டர்நெட்டில் படம் போட்டு 'வெள்ளைக்காரன் காலத்து உருப்படி, நூறு வருஷம்' என்று விற்கிறானே, அவனிடம் மட்டும் வாங்காதீர்கள்.

எங்கள் ஊரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். காப்பி. கோயமுத்தூரில் தெருவுக்குத் தெரு ஃபவுண்டரி இருந்த காலம் ஒன்று உண்டு. நல்ல இழைப்புளி ஒன்று கையில் கிடைத்தால், அதையே மணலில் அமுக்கி அச்சு எடுத்து, மிச்சமான இரும்புக் குழம்பை ஊற்றி, இன்னொன்று செய்துகொள்வார்கள். தேதி, எழுத்து எல்லாம் காப்பியிலும் விழும், கொஞ்சம் மழுங்கலாக. ஆனால் உருக்கிய இரும்பு ஆறும்போது சுருங்கும். ஒரு அடிக்கு ஒரு நூல். நூல் என்றால் பஞ்சாலை நூல் இல்லை; இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. ஆகவே பதினாலு இஞ்ச் இழைப்புளியின் காப்பி ஒரு நூலும் சொச்சமும் குறையும். 'எழுத்து காப்பியிலும் வரும், அளவு வராது.' இது என்னுடைய வாக்கியம். இதைச் சொல்லித்தான் ஒரு மனுஷனை வேலையை விட்டுத் துரத்தினேன்.

உக்கடத்துக்கு வருகிறேன். அன்றைக்கு வீட்டில் டேப்பைக் காணோம். பழைய பெட்டியில் கிடந்த ரெண்டடி ஸ்கேலைப் பையில் செருகிக்கொண்டு போயிருந்தேன். இழைப்புளியை அளந்தேன். பதினாலுக்கு ஒரு நூல் குறைவு.

"டூப்ளிகேட்டுங்க பாய். நம்மூர்ல ஊத்தினது" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

கடைக்கார பாய் என்னைவிடச் சின்னவர். சிரித்தார். கல்லாவிலிருந்து டேப்பை எடுத்து நீட்டிப் பிடித்தார். பதினாலு. கோட்டின் மேல் கோடு.

"ஏனுங்க சார், உங்க ஸ்கேலு மழையில நனைஞ்சு சுருங்கிப்போச்சுங்களா?"

சுருங்கவில்லை. நீண்டது அது. செய்யும்போதே நீட்டிச் செய்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்கேலின் மூலையைப் பார்த்தேன். தேய்ந்துபோன எழுத்தில் 'அடிக்கு ஒரு நூல்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. அந்த மண்ணெண்ணெய் வாசத்துக்குள்ளிருந்து தேக்குத் தூளும் அரக்கு வார்னிஷும் கலந்த இன்னொரு வாசம் எழும்பி வந்தது. எங்கள் பேட்டர்ன் ஷாப்பின் வாசம்.

இருபத்திரண்டு வயசில் அங்கே சேர்ந்தேன். மோட்டார் பம்பு செய்யும் கம்பெனி. பம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் முதலில் மரத்தில் மாதிரி செய்ய வேண்டும். அதைத்தான் பேட்டர்ன் என்பது. இரும்பு சுருங்கும் என்பதால் மரத்தைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஸ்கேலையே நீட்டிவிட்டார்கள். அதில் பன்னிரண்டு இஞ்ச் என்று எழுதியிருப்பது உண்மையில் பன்னிரண்டு இஞ்சும் ஒரு நூலும். சாதா ஸ்கேலில் அளந்து மரம் வெட்டினால் வார்ப்பு சின்னதாகிப் பாழாகும். அதனால் எங்கள் மேஸ்திரி சாதா ஸ்கேலை ஷாப் வாசற்படி தாண்ட விடமாட்டார். ஒரு தடவை நான் காலேஜ் ஜியாமெட்ரி டப்பாவிலிருந்த ஸ்கேலைக் கொண்டுபோனேன். பிடுங்கி, முழங்காலில் வைத்து ஒடித்தார்.

"இதைய உங்கூட்ல வெச்சுக் கோடு போடு. இங்க இது பொய் சொல்லும்" என்றார்.

எது பொய் சொன்னது என்று இப்போது தெரிகிறது. வருஷக்கணக்கில் அந்த ஒரே வகை ஸ்கேல். எங்களுக்கு இஞ்ச் என்றாலே அதுதான்.

நாலாம் நம்பர் பெஞ்சில் ஆரோக்கியம் இருந்தார். என்னைவிட நாலு வயசு மூத்தவர். அப்போது நான் அவரை 'நீ', 'வா', 'போ' என்றுதான் பேசினேன். அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசுவார். நான் சொந்தத் தோட்டம் உள்ள வீட்டுப் பையன். அவர் அப்பா எங்களைப் போன்றவர்கள் தோட்டத்தில் கூலிக்குப் போனவர். அதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை. ஆனால் மதியம் ஒன்றாகத்தான் உட்கார்ந்து சாப்பிடுவோம். என் டிபன் பாக்ஸில் தயிர்ச்சோறைப் பார்த்தால் "இன்னைக்கும் ஆஸ்பத்திரிச் சோறுங்களா?" என்பார். அவருடைய கருவாட்டில் பாதியை நான்தான் தின்பேன்.

முதலாளியின் அப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த இழைப்புளி ஒன்று அலமாரியில் இருந்தது. நுணுக்கமான வேலைக்கு மட்டும் ஆரோக்கியத்திடம் கொடுப்பார்கள். அதனால் அதன் பக்கவாட்டில் '4' என்று பன்ச் அடித்திருந்தது. எங்களிடம் இருந்த '4' எழுத்துப் பன்ச்சின் கால் ஒடிந்துவிட்டது. அடித்தால் முக்கோணம் மாதிரி விழும். ஒரு தடவை கைப்பிடி விரிசல் விட்டிருந்ததை ஆரோக்கியமே சனிக்கிழமை வேலை முடிந்து உட்கார்ந்து ஒட்டி, தேய்த்து, வார்னிஷ் போட்டு வைத்தார். யாரும் செய்யச் சொல்லவில்லை. திங்கட்கிழமை மேனேஜர் எடுத்துப் பார்த்தார். கைப்பிடி புதுசாக மின்னியது.

"ஒரிஜினல எங்க கொண்டுபோய் வித்துப்போட்டே?" என்று ஆரோக்கியத்தைக் கேட்டார்.

மேனேஜர் ஒரேயடியாக முட்டாள் இல்லை. எங்கள் ஃபவுண்டரியில் திருட்டுத்தனமாக இரண்டு மூன்று காப்பி ஊற்றியிருந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் ஒன்று என்னிடமும் இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. என்னைச் சந்தேகப்பட்டிருந்தாலும் என் வாய்வார்த்தையே போதும்; அளந்து பார்த்திருக்கவே மாட்டார்கள்.

"அளந்து பாத்தா தெரிஞ்சுபோகுதுங்க" என்று நான்தான் முன்னால் போனேன். ஆரோக்கியத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் போனேன், நம்புங்கள். கூடவே என் சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டும். மேஸ்திரி, மேனேஜர், ஆரோக்கியம், ஷாப் ஆட்கள் எல்லாம் சேர்த்துப் பதினொரு பேர் சுற்றி நின்றார்கள். மேசைமேல் கிடந்த ஸ்கேலை எடுத்து வைத்தேன்.

"ஒரு நூல் கம்மி. எழுத்து காப்பியிலும் வரும், அளவு வராதுங்க."

ஆரோக்கியம் என்னையே பார்த்தார். "இன்னொருக்கா வெச்சுப் பாருங்க. கை நகந்திருக்கும்" என்றார்.

"என் கை நகராது" என்றேன்.

மேஸ்திரி தன் ஸ்கேலில் அளந்தார். ஒரு நூல் கம்மி. ஆரோக்கியம் தன்னுடைய ஸ்கேலிலேயே அளந்தார். அதிலும் ஒரு நூல் கம்மி. மூன்று ஸ்கேல், மூன்றும் அதே நீட்டின ஸ்கேல். அந்த அறையில் வேறு ஸ்கேலே கிடையாது. உண்மையிலேயே காப்பியாக இருந்தால், காப்பி சுருங்கியது ஒன்று, ஸ்கேல் நீண்டது ஒன்று என்று எங்கள் ஸ்கேலில் இரண்டு நூல் குறைந்திருக்க வேண்டும். நாளெல்லாம் இந்தக் கணக்கிலேயே வாழ்ந்தவர்களில் ஒருத்தனுக்குக்கூட அது உறைக்கவில்லை. அளந்த ஆரோக்கியம் தன் ஸ்கேலையே வெறித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டதோ என்னவோ. அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

மேனேஜர் ஆரோக்கியத்தை அங்கேயே வேலையை விட்டு நிறுத்திவிட்டு, என் கையில் உளியைக் கொடுத்தார். காப்பி என்று தெரிய '4' பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி வெட்டச் சொன்னார். வெட்டினேன். ஆரோக்கியம் மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். பத்து நாள் கழித்து எனக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்தேன். திருடிவிட்டு லெட்டர் வேறயா என்று பிரிக்காமலே வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

கடையில் பாய் "வேணுங்களா, வேண்டாமுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் இழைப்புளியின் பக்கவாட்டைக் கட்டை விரலால் துடைத்தேன். எண்ணெய் அழுக்குக்கு அடியில் ஒரு முக்கோணம். அதன் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அந்த வெட்டு ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் இழுவல். என் கைவெட்டு.

அப்படியே ஒரு பழைய மோட்டார் மேல் உட்கார்ந்துவிட்டேன். பாய் பயந்து தண்ணீர் கொடுத்தார். பேரம் பேசாமல் வாங்கினேன்.

ஆரோக்கியம் சோமனூரில் தறிகளுக்கு மரவேலை செய்கிறார் என்று எனக்கு எப்போதுமே தெரியும். ஒரு பஸ் தூரம். நாற்பது வருஷம் போகவில்லை. மறுநாள் காலை போனேன். தறிச் சத்தத்துக்கு நடுவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க" என்றேன். நான் அவருக்கு 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்தார். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

துணியைப் பிரித்து இழைப்புளியை அவர் மடியில் வைத்தேன். விரலால் முக்கோணத்தைத் தடவினார். அப்புறம் என் வெட்டை.

"ஸ்கேலு தப்புங்க. நாம அளந்த ஸ்கேலு" என்றேன்.

"அன்னைக்கு பஸ்ஸு சிங்காநல்லூர் தாண்டறப்பவே எனக்கு வெளங்கிப்போச்சுங்க" என்றார், சாதாரணமாக. "மறுநா வந்தனுங்க. கேட்டுல உள்ள உடலீங்க. அதுக்குத்தான் உங்களுக்கு லெட்டர் போட்டன். சாதா ஸ்கேல்ல ஒருக்கா அளந்து பாருங்கன்னு. ஒரே ஒரு வரிதானுங்க எழுதினது. பாக்கலீங்களா?"

பார்க்கவில்லை என்றேன். எரித்ததையும் சொன்னேன். அவர் மடியிலிருந்த இழைப்புளியைத் துணியால் ஒரு தடவை துடைத்தார். என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு உள்ளே திரும்பி, "அம்மணி, டேப்பை எடுத்துட்டு வா" என்று கூப்பிட்டார். அவர் மனைவி ஈரக் கையோடு வந்தார். டேப்பை என்னிடம் கொடுக்கச் சொன்னார் ஆரோக்கியம். "இவரு அளந்து சொல்லுவாரு, நீ கேளு" என்றார்.

அளந்தேன். இரண்டு தடவை வைத்தேன்.

"பதினாலுங்க" என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்க. தறிச் சத்தத்துல அவளுக்குக் கேக்காது."

"பதினாலுங்க!"

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "இதைத்தான் இவரு கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கிட்டச் சொல்லிப்போட்டாருங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். குடிக்கக் காப்பி வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. இழைப்புளியை ஆரோக்கியம் மடியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

திரும்பும்போது அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இறங்கினேன். பேட்டர்ன் ஷாப் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. கீழே கார்கள். பேட்டர்ன் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் வரைகிறார்கள்; சுருக்கத்தை அதுவே கணக்குப் போட்டுக்கொள்கிறதாம். மேஸ்திரி உயிரோடு இல்லை. மேனேஜர் இல்லை. பெஞ்சுக்காரர்களை ஒவ்வொருவராக விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அன்றைக்கு ஒரு நூல் குறைவு என்று என் வாயால் கேட்டவர்கள் பதினொரு பேர். பதினாலு என்று கேட்க அவர்களில் மிச்சம் இருப்பது ஒரே ஒருவர், ஆரோக்கியம். அவருக்கு அதை யாரும் சொல்ல வேண்டிய அவசியமே இருந்ததில்லை.